நிகழ்நேரம் யாருடைய நேரம்?

இந்திய எரிவாயுத் துறை குறித்து நடக்கும் கருத்தரங்குகளில் அண்மை ஆண்டுகளாக ஒரு சொல் ஓயாமல் ஒலிக்கிறது: நிகழ்நேரம். நிகழ்நேரத் தரவு, நிகழ்நேரக் கண்காணிப்பு, நிகழ்நேரத் தானியக்கம் என்று அது எதனோடும் ஒட்டிக்கொள்கிறது. உச்சரிப்போரில் பெரும்பாலோர் அச்சொல்லால் சுட்டுவது தலைமையகத்துச் சுவரில் தொங்கும் பெரிய திரையைத்தான். கிணற்றின் அழுத்தம் அத்திரையில் நொடிக்கு நொடி மாறுகிறது. ஆகவே கிணறு தானியங்கிவிட்டது என்று முடிவுகட்டப்படுகிறது. இம்முடிவு தவறானது. இதனால் நேரும் இழப்பும் எரிவாயுவோடு நிற்பதில்லை. ஆனாலும் ஆய்வுலகம் இதை மறுக்காமல், மறுக்கும் அளவுக்கு ஆராயாமல், கைதட்டிக்கொண்டிருக்கிறது.

முதலில் சொல்லைப் பார்ப்போம். கணினியியலில் இதன் மூலச்சொல்லுக்கு ‘உடனுக்குடன் தெரிவது’ என்பது பொருளன்று. குறித்த கெடுவுக்குள் விடை வந்து சேர வேண்டும். கெடு தாண்டி வரும் சரியான விடையும் தவறான விடையே. இதுதான் அத்துறை வகுத்த வரையறை. கெடு ஒரு நொடியாகவும் இருக்கலாம், ஆறு மணி நேரமாகவும் இருக்கலாம். வேகம் இங்கே இரண்டாம் நிலைச் செய்தி. தமிழில் ‘நிகழ்நேரம்’ என்று பெயர்த்தபோது நிகழ்வின் நேரம் பெயரில் தங்கிற்று, கெடு நழுவிப் போயிற்று. மொழிபெயர்த்தவரைக் குறைசொல்வதற்கில்லை. மூலச்சொல்லை நாள்தோறும் வழங்குவோரே அதன் பாதியை மறந்து நெடுங்காலமாயிற்று.

கெடு என்றால் என்னவென்று ஒரு கிணறு மிகத் துல்லியமாகச் சொல்லும். மேற்கு வங்கத்து ராணிகஞ்ச் வட்டாரத்தை எடுத்துக்கொள்ளலாம். 1774இல் இந்தியாவின் முதல் நிலக்கரிச் சுரங்கம் வெட்டப்பட்ட நிலம் அது. அதே நிலக்கரியின் இடுக்குகளில் ஒட்டிக்கிடக்கும் மீத்தேனை எடுத்து விற்பது, இந்தியாவில் வணிக முறையில் 2007இல் தொடங்கியதும் அங்கேதான். வயல்களுக்கும் சுரங்கக் குடியிருப்புகளுக்கும் இடையே வேலியிட்ட சிறு திடல்கள். ஒவ்வொன்றிலும் ஒரு கிணறு, ஒரு மோட்டார், ஒரு மின்பெட்டி. மத்தியப் பிரதேசத்தின் சோஹாக்பூர்ப் பகுதியிலும் காட்சி ஏறக்குறைய இதுவே.

இக்கிணறுகளில் பம்ப் இறைப்பது நீரை. விற்பனைக்குப் போவது வாயு. மரபான எரிவாயுக் கிணற்றையே அறிந்தவர்க்கு இது தலைகீழாகத் தோன்றும். நிலக்கரியில் மீத்தேன் குமிழியாக அடைபட்டிருப்பதில்லை. நிலக்கரியின் உட்பரப்பில் அது படிந்திருக்கிறது. அதைப் படியவைத்துப் பிடித்திருப்பது, வெடிப்புகளில் நிறைந்துள்ள நீரின் அழுத்தம். நீரை இறைத்து அழுத்தத்தை ஒரு வரம்புக்குக் கீழே இறக்கினால்தான் வாயு பிரிந்து வெளிவரும். ஆகவே தொடக்கத்தில் நீர் மிகுதி, வாயு குறைவு. நாளடைவில் நீர் குறைய வாயு கூடும். நீர் நடுக்குழாய் வழியாக ஏறுகிறது. வாயு அக்குழாய்க்கும் வெளிக்குழாய்க்கும் இடைப்பட்ட வளைய வெளியில் தானாக எழும்புகிறது.

இதில் மிகுதியாகப் பயன்படுவன இருவகைப் பம்புகள். ஒன்று மேலும் கீழும் தலையாட்டும் தண்டுப் பம்ப். மற்றொன்று தொழில்துறையில் பி.சி.பி. எனப்படும் திருகு வகை: ரப்பர் உறைக்குள் ஒரு முறுக்கிய எஃகுத் தண்டு சுழன்று நீரை மேலேற்றும். நிலக்கரித் துகள் கலந்த நீரை இறைக்கத் திருகு வகை ஏற்றது. ஆனால் அதற்கு ஒரு பலவீனமுண்டு. இறைக்கும் நீரே அதற்கு மசகு, இறைக்கும் நீரே அதற்குக் குளிர்ச்சி. நீர்மட்டம் பம்பின் வாய்க்குக் கீழே இறங்கி, வறட்டுச் சுழற்சி தொடங்கினால் ரப்பர் உறை விரைவில் கருகிப்போகும். பிறகு பழுதுபார்க்கும் ரிக் வர வேண்டும். தண்டையும் குழாயையும் வெளியே இழுக்க வேண்டும். அதற்குள் நீர் மீண்டும் ஏறி, நிலக்கரியை அழுத்தி, வாயு பிரிவதை நிறுத்திவிடும். இறைத்த நீரை மறுபடி இறைக்க வேண்டும்.

மட்டத்தை மிக உயரத்தில் வைத்துக்கொண்டாலும் தீங்குதான். அழுத்தம் இறங்காது, வாயு வராது. மிக வேகமாக இறக்கினால் வேறொரு தீங்கு: நிலக்கரித் துகள்கள் பெயர்ந்து வந்து, வாயு வரும் வெடிப்புகளையே அடைக்கும். அவ்வடைப்பைப் பின்னர் நீக்குவது கடினம். இறங்க வேண்டும், ஆனால் மெல்ல இறங்க வேண்டும், பம்பின் வாய்வரை இறங்கிவிடக் கூடாது. இந்த இடுக்கமான பாதையில் கிணற்றைப் பல மாதங்கள் நடத்திச் செல்வதே கலை. மின்சாரம் நின்றால் நிலைமை இன்னும் மோசம். திருகுப் பம்பின் தண்டு முறுக்கிய கயிறுபோல் விசையைச் சேமித்து வைத்திருக்கிறது. குழாயில் நிற்கும் நீரும் கீழிறங்கத் துடிக்கிறது. இரண்டும் சேர்ந்து தண்டை எதிர்த்திசையில் வெறித்தனமாகச் சுழற்றும். தடை சரியாக அமையாவிட்டால் தரைமேலுள்ள உறுப்புகள் சிதறி, அருகில் நிற்பவர் உயிருக்கே ஆபத்தாகலாம்.

தானியக்கத்தின் உண்மையான பணி இங்கேதான் இருக்கிறது. கிணற்றடியில் ஓர் அழுத்த அளவி, வேகத்தை மாற்றும் மின்கருவி, நீரோட்ட அளவி, முறுக்குவிசையைக் கவனிக்கும் ஓர் உணரி, இவற்றை இணைக்கும் சிறிய கட்டுப்பாட்டுப் பெட்டி. மட்டம் வரம்பை நெருங்கினால் அப்பெட்டி வேகத்தைக் குறைக்கிறது. முறுக்கு கூடினால் துகள் சேர்ந்துவிட்டதென்று அறிந்து எச்சரிக்கிறது. மின்சாரம் மீண்டதும் படிப்படியாக இயக்குகிறது. தலைமையகத்தைக் கேட்பதில்லை. கேட்கவும் கூடாது, கெடு அவ்வளவு நீளமன்று. கைபேசிக் கோபுரம் செத்துக்கிடக்கும் மழைக்காலத்து இரவில் கிணற்றைக் காப்பது அப்பெட்டிதான். பெரிய திரை அப்போது வெறும் கடைசி எண்ணைக் காட்டிக்கொண்டிருக்கும். அதை யாராவது நிகழ்நேரம் என்றும் அழைத்துக்கொண்டிருப்பர்.

இவ்வறிவு புதிதுமன்று. தண்டுப் பம்பின் மீதேறும் பளுவை வரைபடமாக்கிப் படிக்கும் முறையை ஷெல் நிறுவனப் பொறியாளர் கில்பர்ட் 1936இலேயே விளக்கினார். தரைமேல் அளந்த பளுவிலிருந்து, ஆழத்திலுள்ள பம்பில் என்ன நடக்கிறதென்று அலைச்சமன்பாட்டின் வழி கணிக்கும் வழியை கிப்ஸ் 1960களில் தந்தார். மரபான எரிவாயுக் கிணறுகளில் வாயுவின் வேகம் எவ்வளவுக்குக் குறைந்தால் நீர்த்துளிகள் மேலேற முடியாமல் அடியில் தேங்கிக் கிணற்றை மூச்சடைக்கச் செய்யும் என்பதற்கு டர்னர், ஹப்பர்ட், டக்ளர் மூவரும் 1969இல் ஒரு சமன்பாடு கொடுத்தனர். இன்று ‘செயற்கை நுண்ணறிவு’ என்ற பட்டுத்துணி போர்த்தி விற்கப்படும் பல பொருள்களுக்குள் இருப்பது இம்மூன்றில் ஒன்றுதான். அதில் இழிவேதுமில்லை. நல்ல இயற்பியலைப் புதிய துணியால் மறைப்பதுதான் இழிவு.

டர்னர் சமன்பாட்டின் பிற்கால வரலாறு ஆய்வு மாணவர்கள் கவனிக்க வேண்டியது. தம் கையிலிருந்த கிணறுகளின் தரவோடு பொருந்த வேண்டி அம்மூவரும் கணக்கிட்ட வேகத்தை 20 விழுக்காடு உயர்த்தினர். 1991இல் கோல்மனும் உடனாய்வாளரும் அழுத்தம் குறைந்த கிணறுகளை எடுத்துப் பார்த்தபோது, அந்த 20 விழுக்காட்டுக்குத் தேவையே இல்லையென்று கண்டனர். இயற்பியல் மாறவில்லை. கிணறுகள் மாறின, எண்ணும் மாறியது. ஒரு நாட்டின் ஒரு வகைக் கிணறுகளில் பழக்கப்பட்ட கணிப்புமுறையை வேறொரு நிலத்தின் வேறொரு பாறைக்கு அப்படியே ஏற்றக்கூடாதென்பதற்கு இதைவிட எளிய சான்று வேண்டியதில்லை.

இனி ஆய்வுலகத்துக்கு வருவோம். இப்பதிவின் வழக்கு முதன்மையாக அதனோடுதான். எரிவாயுக் கிணறுகளின் உற்பத்தியை இயந்திரக் கற்றலால் கணிக்கும் ஆய்வேடுகளும் கட்டுரைகளும் இந்தியப் பல்கலைக்கழகங்களிலும் பெருகிவருகின்றன. இவற்றின் ‘தரவு’ என்ற இயலைத் திறந்து பார்ப்பது பயனுள்ள பயிற்சி. ஒன்று, கணினியில் செயற்கையாக உண்டாக்கிய தரவு. அல்லது, நார்வேயின் வோல்வே எண்ணெய்வயல் தரவு. 2008 முதல் 2016 வரை இயங்கிய அவ்வயலின் முழுத் தரவையும் ஈக்வினோர் நிறுவனம் 2018இல் பொதுவெளியில் வைத்தது. இன்னொன்று பிரேசிலின் பெட்ரோபிராஸ் 2019இல் வெளியிட்ட 3டபிள்யூ தொகுப்பு: கடலடிக் கிணறுகளில் நேர்ந்த கோளாறுகளின் உணரிப் பதிவுகள். எது உண்மைப் பதிவு, எது கணினி உருவாக்கியது, எது வல்லுநர் கையால் வரைந்தது என்று நேர்மையாக வகைபிரித்து வைத்திருக்கிறார்கள். கிணறுகளின் பெயர்களும் மறைக்கப்பட்டுள்ளன.

இரண்டும் அரசு பெரும்பங்கு வைத்துள்ள நிறுவனங்கள் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். ‘அரசு நிறுவனம், ஆகவே இரகசியம்’ என்ற வாதம் அங்கே எழவில்லை. இந்தியாவில் ஹைட்ரோகார்பன் தலைமை இயக்குநரகத்தின் கீழ் 2017 முதல் தேசியத் தரவுக் களஞ்சியம் ஒன்று இயங்குகிறது. அதன் நோக்கம் புதிய வயல்களை ஏலம் எடுப்போருக்கு நில அதிர்வுத் தரவையும் கிணற்றுப் பதிவுகளையும் காட்டுவது. உற்பத்தியிலுள்ள ஒரு கிணற்றின் பம்ப் ஏன் நின்றது, நிற்பதற்குமுன் முறுக்குவிசை எப்படி ஏறிற்று என்பதை ஒரு முதுகலை மாணவி தன் மடிக்கணினியில் இறக்கிப் படிக்க வழியில்லை. ஆகவே ராணிகஞ்சுக்கு 200 கிலோமீட்டர் தொலைவில் படிக்கும் ஒருவரும் வடகடலின் மணற்பாறையைக் கொண்டு ஆய்வேடு எழுதுகிறார். முடிவுரையில் ‘இம்முறை இந்திய வயல்களுக்கும் பொருந்தும்’ என்று ஒரு வாக்கியம் சேர்க்கிறார். அவ்வாக்கியத்துக்குச் சான்று எங்கே என்று கேட்க வேண்டியவர் நெறியாளர். கேட்டால் ஆய்வேடு நின்றுபோகும் என்பது அவருக்கும் தெரியும். வோல்வேயில் எண்ணெய்க் கிணறுகள். நிலக்கரியிலிருந்து பிரியும் மீத்தேனுக்கும் அவற்றுக்கும் உள்ள உறவு, திமிங்கிலத்துக்கும் திருக்கை மீனுக்கும் உள்ள உறவு.

மொழியியல் படித்தோர்க்கு இத்துறையில் என்ன வேலை என்று வினவுவோர் உளர். எச்சரிக்கை ஒலி என்பது ஒரு வாக்கியம் என்பதே அதற்கு விடை. அது ஒருவரை விளித்து, ஒரு செய்தி கூறி, ஒரு செயலை ஏவுகிறது. அதன் இலக்கணம் பிழைத்தால் உயிர் போகும். 1994 ஜூலை 24 அன்று வேல்ஸ் நாட்டின் மில்ஃபோர்டு ஹேவனில் டெக்சகோ சுத்திகரிப்பு ஆலை வெடித்தது. வெடிப்பதற்கு முந்தைய 11 நிமிடங்களுக்குள் கட்டுப்பாட்டு அறையிலிருந்த இரு இயக்குநர்கள்மீது 275 எச்சரிக்கைகள் பொழிந்தன. தரவு இருந்தது, உடனுக்குடன் வந்தது, திரையில் தெரிந்தது. பொருள்தான் வரவில்லை. அதன்பின் பிரிட்டனில் உருவான நெறிமுறை, ஓர் இயக்குநருக்குப் பத்து நிமிடங்களுக்கு ஓர் எச்சரிக்கை என்பதே சுமக்கத்தக்க அளவு என்றது. நூற்றுக்கணக்கான கிணறுகளை ஒரே அறையில் இணைத்துவிட்டதாகப் பெருமைப்படுவோரிடம் கேட்க வேண்டிய எளிய கேள்வி, அவ்வறையில் ஒரு மணி நேரத்துக்கு எத்தனை எச்சரிக்கைகள் ஒலிக்கின்றன என்பது. அவற்றில் எத்தனை கேட்கப்படாமலே அணைக்கப்படுகின்றன என்பது அடுத்த கேள்வி.

அவ்வாக்கியங்கள் எந்த மொழியில் இருக்கின்றன என்பது மூன்றாவது. கட்டுப்பாட்டுப் பெட்டியின் சிறு திரை ஆங்கிலச் சுருக்கெழுத்துகளில் பேசுகிறது. கிணற்றருகே நிற்பவர் ராணிகஞ்சில் வங்காளமோ இந்தியோ சந்தாலியோ பேசுபவர். சோஹாக்பூரில் பகேலி அல்லது கோண்டி பேசுபவராக இருக்கலாம். சந்தாலி 2003ஆம் ஆண்டுத் திருத்தத்தால் அரசமைப்பின் எட்டாம் அட்டவணையில் இடம்பெற்ற மொழி. தனக்கென ஓல் சிக்கி எழுத்துடையது. 1952ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டத்தின் வரையறைப்படி எண்ணெய்க் கிணறும் சுரங்கமாகவே இருந்தது. அச்சட்டம் தன் சுருக்கத்தை ஆங்கிலத்தோடு விதிகள் குறிக்கும் பிறமொழிகளிலும் சுரங்கத்தில் ஒட்டிவைக்கச் சொன்னது. 1952இல் சுவரொட்டிக்கு விதித்த அக்கறை இன்று ஒளித்திரைக்கு ஏன் நீளவில்லை? நான்கு சொல் எச்சரிக்கையை ஐந்து மொழிகளில் எழுதுவது பெரிய பொறியியல் அன்று. பேருந்து நிலையத்துப் பணம் வழங்கும் இயந்திரம் அதைச் செய்கிறது.

(சட்டங்களின் சொல்வளத்தைப் பற்றி ஓர் இடைக்குறிப்பு. 1948ஆம் ஆண்டு எண்ணெய்வயல்கள் சட்டம் 2025இல் திருத்தப்பட்டபோது நிலக்கரிப் படுகை மீத்தேனும் ‘கனிம எண்ணெய்’ என்ற வரையறைக்குள் வந்தது. ஆக ஒரு சட்டத்தில் கிணறு சுரங்கம், மற்றொன்றில் வாயு எண்ணெய். சட்டம் வேண்டும்போது சொற்பொருளை விரிக்கத் தயங்குவதில்லை என்பதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.)

கிணற்றருகே நிற்பவரின் அறிவையும் இவ்விடத்தில் சொல்லாமல் விட முடியாது. நீர் குறைந்து வாயு கலக்கும்போது பம்பின் ஒலி மாறுகிறது; துகள் சேரும்போது மோட்டாரின் முனகல் கனக்கிறது; வெளிவரும் நீர் கருக்கிறது. இவற்றைக் காதாலும் கண்ணாலும் அறிவோர் பெரும்பாலும் ஒப்பந்தத் தொழிலாளர். ஒப்பந்ததாரர் மாறினால் இவர்களும் மாறுவர். தானியக்கம் வந்தால் இவர்கள் தேவையில்லை என்பது விற்பனையாளரின் பேச்சு. இயந்திரத்துக்குக் கற்பிக்க வேண்டுமானால், எந்த நொடியில் எந்தக் கோளாறு தொடங்கிற்று என்று தரவின்மீது பெயர்சூட்ட ஒருவர் வேண்டும். அப்பெயர்சூட்டலுக்குத் தகுதியுடையோரை முதலில் வெளியேற்றிவிட்டு, பிறகு பெயரற்ற தரவை வைத்துக்கொண்டு நுண்ணறிவு தேடுவது வேடிக்கை. அவர்கள் கோளாறுகளுக்கு வைத்திருக்கும் பெயர்களை யாரேனும் தொகுத்தால் அதுவே ஒரு நல்ல கலைச்சொல் அகராதியாகும். மொழியியல் துறைகளில் ஆய்வுத் தலைப்புப் பஞ்சம் என்போர் அங்கே போகலாம்.

தானியக்கமே வேண்டாம் என்பாருக்கும் இங்கு இடமில்லை. ஒவ்வொரு இரவும் இருசக்கர வண்டியில் கிணற்றுக்குக் கிணறு போய் அளவியைப் பார்த்துக் குறிப்பேட்டில் எழுதும் முறையில் காவியப் பெருமை ஒன்றுமில்லை. எதிர்ச்சுழற்சியில் சிதறும் உறுப்பின் முன்னால் மனிதர் நிற்காமலிருப்பது நல்லது. கருகிய ஒவ்வொரு ரப்பர் உறையும் வீணான பணம், வீணான வாயு. எரிசக்தியில் எரிவாயுவின் பங்கை 2030க்குள் 15 விழுக்காடாக்குவது அரசின் இலக்கு; இப்போது அது 6 விழுக்காட்டை ஒட்டியே நிற்கிறது, தேவையில் ஏறக்குறைய பாதி இறக்குமதியாகிறது. இந்நிலையில் இருக்கும் கிணறுகளைச் செம்மையாக இயக்குவதை யாரும் எதிர்ப்பதற்கில்லை. வழக்கு, அச்செம்மையின் தரவு யாருக்கு உரியது என்பதில்.

இங்கே நீர் வருகிறது. தமிழ் வாசகர்க்கு ‘மீத்தேன்’ என்பது வேதியியல் சொல்லாக அறிமுகமாகவில்லை. போராட்டச் சொல்லாகவே அறிமுகமாயிற்று. ராணிகஞ்சில் வணிக உற்பத்தியைத் தொடங்கிய அதே கிரேட் ஈஸ்டர்ன் எனர்ஜி நிறுவனத்துக்குத்தான் 2010இல் மன்னார்குடிப் பகுதி ஒப்பந்தம் கிடைத்தது. காவிரிப் படுகை உழவர்கள் எழுந்தனர். நம்மாழ்வார் அப்பரப்புரையின் நடுவிலேயே 2013 டிசம்பரில் மறைந்தார். 2020இல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தது. அன்று ஊர்தோறும் எழுந்த கேள்விகளுள் முதன்மையானது, எவ்வளவு நீரை வெளியேற்றுவீர்கள் என்பது. அதற்கு அறிக்கைகளும் மறுப்பறிக்கைகளும் வந்தன, எதிர்ப்பறிக்கைகளும் வந்தன. ராணிகஞ்சில் இத்தனை கிணறுகளில் இத்தனை ஆண்டுகளில் நாள்தோறும் இவ்வளவு நீர் வந்தது, அதன் உவர்ப்பு இவ்வளவு, அருகிலுள்ள குடிநீர்க் கிணற்றின் மட்டம் இப்படி மாறிற்று அல்லது மாறவில்லை என்று கிணறுவாரியான பதிவை ஒருவரும் மேசைமேல் வைக்கவில்லை. வைத்திருந்தால் வாதம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கும் என்பது இருக்கட்டும், வாதமாக இருந்திருக்கும்.

தானியக்கத்துக்கு அந்த எண் இன்றியமையாதது என்பதே இவ்வழக்கின் மையம். நீரோட்டத்தை அளக்காமல் திருகுப் பம்பின் வேகத்தை நெறிப்படுத்த முடியாது. மன்னார்குடி உழவர் கேட்ட எண்ணும், கட்டுப்பாட்டுப் பெட்டி நிமிடந்தோறும் கேட்கும் எண்ணும் ஒன்றே. பெட்டிக்குக் கிடைக்கும் விடை உழவருக்குக் கிடைப்பதில்லை.

தமிழில் நீரிறைக்கும் பொறிக்கு ஏற்றம் என்று பெயர். ஏற்றமிறைத்தோர் பாடிய பாட்டில் எண்ணிக்கையும் இருந்தது; எத்தனை சால் இறைத்தாயிற்று என்பதைப் பாட்டே சொல்லிக்கொண்டு போகும். பழைய முறையைப் போற்றுவதற்காக இதைச் சொல்லவில்லை. ஏற்றமிறைத்தோரின் முதுகுவலியை யாரும் மீட்டெடுக்க வேண்டாம். ஆயினும் அந்த அளவி சத்தமாக எண்ணியது, அடுத்த வயல்காரருக்கும் கேட்டது.

நீரளவைக் கேட்பது இந்தியச் சட்ட மரபுக்குப் புறம்பானதும் அன்று. மத்திய நிலத்தடி நீர் ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு நெறிமுறைகள் தொழிற்சாலைகளிடமும் சுரங்கங்களிடமும் தொலைப்பதிவு வசதியுள்ள எண்ம நீரோட்ட அளவியைக் கோருகின்றன. மிகுதியாக மாசுபடுத்தும் 17 வகைத் தொழில்கள் தம் கழிவு அளவீடுகளை இணையவழி இடையறாது அனுப்ப வேண்டுமென்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2014இலேயே பணித்தது. அவ்வேற்பாட்டின் ஓட்டைகளைப் பற்றித் தனியே எழுதலாம். ஆயினும் நிறுவனத்தின் உணரி எண் நிறுவனத்துக்கு மட்டும் உரியது என்ற கொள்கையை இந்திய அரசு பத்தாண்டுகளுக்கு முன்பே கைவிட்டுவிட்டது என்பதற்கு அது சான்று.

மறுப்புகளைப் பார்க்கலாம். வணிக இரகசியம் என்பது முதலாவது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8ஆம் பிரிவு வணிக நம்பகத்தைக் காக்கிறது. அதே பிரிவு, பரந்த பொதுநலன் வேண்டினால் அக்காப்பு விலகும் என்றும் சொல்கிறது. தனியார் இயக்கும் வயல்களுக்கு அச்சட்டம் நேரடியாகப் பாயாது என்பதால் ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டியிருக்கிறது. ஆறு மாதத்துக்கு முந்தைய பம்ப் வேகத்தைக் கொண்டு எந்தப் போட்டியாளரும் சந்தையைக் கவிழ்க்க முடியாது. நிலக்கரிப் படுகை மீத்தேனுக்கு விலை, விற்பனை உரிமைகளை அரசு 2017இல் தளர்த்திக் கொடுத்தது. சலுகை கொடுத்தபோது கைம்மாறாகத் தரவைக் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை.

இணையத் தாக்குதல் இரண்டாவது மறுப்பு. 2021 மே மாதம் அமெரிக்காவின் கலோனியல் குழாய்வழி மீது நடந்த பணயத் தாக்குதலை எல்லோரும் காட்டுகின்றனர். அச்சம் நியாயமானது, அதிலிருந்து பெறப்படும் முடிவுதான் தலைகீழ். கட்டுப்பாட்டு வலையைப் பொது இணையத்தோடு இணைக்கக் கூடாது என்பதே அதன் பாடம். பழைய பதிவின் படியைத் தனியே எடுத்து வெளியிடுவதால் எந்த வால்வும் திறந்துகொள்ளாது. கிணறுகளை நேரே தலைமையகத் திரையோடும் விற்பனையாளரின் மேகக்கணினியோடும் கோத்துவிடுவதில்தான் உண்மையான வாசல் திறக்கிறது. அதைச் செய்துகொண்டே, வெளிப்படைத்தன்மை கேட்போரைப் பாதுகாப்பின் பெயரால் அடக்குவது நேர்மையன்று.

மூன்றாவது மறுப்பு வெளியே சொல்லப்படுவதில்லை: தரவு வெளியானால் தரவின் தரம் தெரிந்துவிடும். ஆண்டுக்கணக்கில் அளவுதிருத்தம் செய்யாத அளவி எப்படியிருக்குமென்று தரவைப் பார்த்தவுடனே தெரியும். நாள் முழுதும் ஒரே எண்ணில் உறைந்த கோடு, நள்ளிரவில் எதிர்மறையாகும் அழுத்தம், கிணறு நின்ற பின்னும் ஓடும் நீர். இதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை. பெட்ரோபிராஸ் தொகுப்பிலும் உறைந்த மாறிகளும் விடுபட்ட மதிப்புகளும் உண்டு. அவற்றைத் தொகுத்தவர்களே குறித்து வைத்திருக்கிறார்கள். அதனால் அந்நிறுவனத்துக்கு மானம் போகவில்லை. உலகெங்கும் ஆய்வாளர்கள் அதன் கிணறுகளுக்காகக் கூலியின்றி உழைக்கிறார்கள்.

செய்யக்கூடியவை கையெட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. ஆய்விதழ்களின் மதிப்பீட்டாளர்கள், தரவு எந்தப் பாறையிலிருந்து வந்தது என்பதைச் சுருக்கத்திலேயே எழுதச் சொல்லலாம். நெறியாளர்கள் ‘இந்திய வயல்களுக்கும் பொருந்தும்’ என்ற வாக்கியத்தைச் சிவப்பு மையால் அடிக்கலாம். நிறுவனங்களோடு புரிந்துணர்வு ஒப்பந்தம் போடும் பல்கலைக்கழகங்கள் புகைப்படத்துக்கு நிற்பதற்குமுன் ஒரு கிணற்றின் ஓராண்டுப் பதிவையாவது பெயர் மறைத்துப் பெறலாம். நீரளவும் உவர்ப்பும் கிராம ஊராட்சி அலுவலகத்தின் சுவரில், அவ்வூர் மொழியில், மாதம் ஒருமுறை எழுதப்படலாம். அதற்குச் செயற்கைக்கோள் தேவையில்லை.

இவற்றுக்கெல்லாம் முன்பு ஒரு சிறு வேலை இருக்கிறது. தானியக்கக் கருவிகளுக்காகப் பொதுத்துறை நிறுவனங்கள் விடும் ஏல ஆவணங்கள் இணையத்தில் கிடைக்கின்றன. நூற்றுக்கணக்கான பக்கங்களில் கம்பியின் தடிமன்வரை எழுதியிருப்பார்கள். அவற்றில், உணரிப் பதிவுகளின் உரிமையாளர் யார், ஒப்பந்தம் முடிந்து விற்பனையாளர் விலகும்போது பழைய பதிவு எவ்வடிவில் யாரிடம் ஒப்படைக்கப்படும், எச்சரிக்கைத் திரை எந்த மொழிகளில் அமைய வேண்டும் என்ற மூன்று வரிகள் இருக்கின்றனவா என்று ஒரு மாணவர் குழு ஒரு பருவத்துக்குள் படித்துப் பட்டியலிட்டுவிடலாம். பெட்ரோலியப் பொறியியல் மாணவரும் சட்ட மாணவரும் மொழியியல் மாணவரும் ஒரே மேசையில் உட்கார வேண்டியிருக்கும்.